மடியில் குழந்தை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. குழந்தைக்குப் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கிறோம். தடுப்பூசியை நாள் தவறாமல் போடுகிறோம். மாடிப்படியில் தடுப்பு வைக்கிறோம். இவ்வளவும் செய்யும் நாம், அதே குழந்தையைக் காரில் ஏற்றும்போது மட்டும், "மடியில்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று இருந்துவிடுகிறோம். இது சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

எங்கள் வீடு ஒரு கூட்டுக் குடும்பம். பெரியப்பா மகளான எங்கள் அக்காளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அக்காளும் அத்தானும் வேலைக்குச் செல்பவர்கள். ஆகவே குழந்தை பகலெல்லாம் ஆச்சியிடம் வளர்கிறாள். ஊசி போடும் நாளில் மாமா காரில் அழைத்துச் செல்வார். விடுமுறை நாளில் அத்தை வந்து தூக்கிக்கொண்டு போவார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக் காரில் எல்லாரும் போவோம். பெற்றோருடன் செல்வதைவிட உற்றாருடன் அவள் செல்லும் பயணங்களே அதிகம். பள்ளிக்கூடம் போகும் எங்களைக்கூட அவள் மழலையில் 'தித்தி' என்றே அழைக்கிறாள். ஆக, பொறுப்புள்ள உறவினர் வரிசையில் நாங்களும் சேர்ந்துவிட்டோம்!

அத்தான் குழந்தை இருக்கை ஒன்றை வாங்கி வந்தபோது வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. "எட்டுப் பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்தவளிடம், பிள்ளையைக் கட்டிப் போடச் சொல்கிறீர்களா?" என்று ஆச்சி வருந்தினார். "இங்கே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு எதற்கு?" என்றார் மாமா. இரண்டும் அன்பினால் வந்த சொற்களே. ஆனால் அன்பு வேறு, கைகளின் வலிமை வேறு.

எங்கள் அறிவியல் பாடத்தில் முதலில் வருவது இயக்க விதிகள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் செல்லும்போது, அதனுள் இருக்கும் குழந்தையும் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் செல்கிறது. கார் மோதி நின்றாலும் குழந்தை நிற்பதில்லை. நிலைமத்தின் காரணமாக முன்னோக்கியே பாய்கிறது. குழந்தையின் எடை 10 கிலோ என்றும், மோதல் பத்தில் ஒரு பங்கு நொடியில் முடிவதாகவும் கொள்வோம். அதை நிறுத்த 1,400 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கைகளால் இது முடியும்? தாயும் பெல்ட் அணியாதிருந்தால், அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும். ஒரே பெல்ட்டை இருவருக்குமாக மாட்டினாலும் அதே ஆபத்துதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால், காரில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டிலேயே முதன்முதலாக அங்கு 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரியவர் ஒருவர் கையில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு விலக்கும் இருந்தது. அந்த விலக்கின் ஆபத்தை மருத்துவர் தொடர்ந்து எடுத்துரைத்தார். 1981இல் அது நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. வண்டியை ஓட்டுபவர் மட்டுமன்று, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் இதற்குப் பொறுப்பாவர். பின்னிருக்கைக்கு பெல்ட் எதற்கு என்று கேட்போரும் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறையினர் தெரிவித்தனர்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபோது ஆச்சி பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் மனம் ஒப்பவில்லை. பிறகு ஒரு நாள் நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போகும் வழியில், சாலையின் குறுக்கே மாடு ஒன்று வந்துவிட்டது. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். இருக்கையில் இருந்த தூக்குச்சட்டி பறந்துபோய் முன்னால் மோதி நெளிந்தது. குழந்தையோ தன் இருக்கையில் விழித்துப் பார்த்து, சிறிது சிணுங்கிவிட்டு மீண்டும் உறங்கிவிட்டாள். ஆச்சி அந்தச் சட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் வாரை மாட்டச் சொல்பவர் அவரே. மாமா மட்டும் இன்றும் முணுமுணுக்கிறார். ஆனால் மாட்டிவிட்டுத்தான் முணுமுணுக்கிறார்!

பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? வண்டி புறப்படும் அவசரத்தில் சொன்னால் அது குற்றம் சாட்டுவது போலாகும். முந்தின நாளே வீட்டில் பணிவாகச் சொல்லலாம். பால் புட்டியையும் மாற்றுத் துணியையும் கொடுத்தனுப்பும்போது குழந்தை இருக்கையையும் சேர்த்தே கொடுக்கலாம். வாரை ஒருமுறை மாட்டிக் காட்டி, அவர்களையும் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். தோளுக்கும் வாருக்கும் இடையே ஒரு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது.

கைக்குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெலிது. ஆதலால் அதன் இருக்கை வண்டியின் பின்புறத்தைப் பார்த்தபடி இருப்பதே நன்று. அந்த இருக்கையை ஏர் பேக் உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் ஏர் பேக்கே குழந்தையைத் தாக்கிவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகளும் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை உயர்த்தும் இருக்கையில் அமர வேண்டும். அப்போதுதான் பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தாமல், தோளிலும் இடுப்பிலும் படியும். வாடகைக் காரில் இருக்கை உறைக்கு அடியில் பெல்ட் புதைந்து கிடக்கும். முன்கூட்டியே சொல்லி அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே பிள்ளையை நிற்க வைப்பதையும், கூரைத் திறப்பில் தலை நீட்ட விடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நம்முள் பலர் அக்காள்மார், சிலர் சித்திமார். தேர்வு முடிந்து ஊருக்குப் புறப்படும் நாள் வரும். மூட்டை முடிச்சுகளை எண்ணும் பெரியவர்களுக்கு நடுவே, பிள்ளைகளின் பெல்ட்டுகளை எண்ணும் வேலையை நாம் ஏற்றுக்கொள்வோம். எண்ணி முடிக்கும்வரை வண்டி காத்திருக்கட்டும். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனால் யாரும் நம்மைக் கோபிக்கமாட்டார்கள்.