ஆற்றங்கரை மருத்துவமனை

மத்திய ஆப்பிரிக்காவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, அடர்ந்த காட்டின் நடுவே ஓகோவே என்னும் பேராறு பாய்கிறது. அதன் கரையில் அமைந்த ஊர் லாம்பரேனே. இன்று காபோன் என்னும் தனி நாட்டைச் சேர்ந்த அவ்வூர், 1913-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், ஐரோப்பாவிலிருந்து ஒரு மருத்துவரும் அவர்தம் மனைவியும் அங்கு வந்து இறங்கினர். மருந்துகளும் கருவிகளும் நிறைந்த எழுபது பெட்டிகளை அவர்கள் கட்டி அனுப்பியிருந்தனர். அம்மருத்துவர் ஆல்பர்ட் சுவைட்சர். அவர் மனைவி எலேன்.

சுவைட்சர் 1875-ஆம் ஆண்டு அல்சாஸ் என்னும் பகுதியில் பிறந்தவர். இசையிலும் மெய்யியலிலும் சமயக் கல்வியிலும் சிறந்து விளங்கினார். முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது, அதன்பின் பிறர் துயர் துடைக்க வாழ்வது என்று இருபத்தொன்றாம் வயதிலேயே அவர் முடிவு செய்திருந்தார். அம்முடிவை அவர் மறக்கவில்லை. பேராசிரியர்களோடு சமமாக அமர்ந்திருந்தவர், 1905-இல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். நண்பர்கள் தடுத்தனர், அவர் கேட்கவில்லை. எலேனும் செவிலியர் பயிற்சி பெற்றுத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார்.

எனினும், புறப்படுவது எளிதாக இல்லை. அல்சாஸ் அக்காலத்தில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. சுவைட்சர் பெற்ற மருத்துவப் பட்டமும் ஜெர்மானியப் பட்டமே. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் மருத்துவம் செய்ய அவர் தனி இசைவு பெற வேண்டியிருந்தது. நோய்க்கு நாடு இல்லை, நோய் தீர்க்க வந்தவரிடமோ, "நீர் எந்த நாட்டவர்?" என்னும் வினா எழுந்தது.

லாம்பரேனேயில் அவருக்குக் கட்டடம் எதுவும் காத்திருக்கவில்லை. முதலில் திறந்த வெளியிலேயே நோயாளிகளைப் பார்த்தார். பின்னர், கைவிடப்பட்ட பழைய கோழிக்கூடு ஒன்றைத் தூய்மை செய்து, சுண்ணாம்பு பூசி, மருத்துவ அறையாக மாற்றினார். மலேரியா, தொழுநோய், உறக்கநோய், ஆறாத புண்கள் எனப் பல நோய்களால் வருந்தியோர் ஆற்றின் வழியே படகுகளில் வந்தனர். சிலர் பல நாள் துடுப்பு வலித்து வந்து சேர்ந்தனர். நோயாளியோடு குடும்பமும் வந்தது. அங்கேயே தங்கிச் சமைத்து, நோயாளியைப் பேணியது.

மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், நோயாளியும் வந்துவிட்டார். ஆனால் ஒன்று குறைந்தது. நோயாளி சொல்வது மருத்துவருக்கு விளங்கவில்லை. மருத்துவர் சொல்வது நோயாளிக்கு விளங்கவில்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று அறியாமல் எம்மருந்தை எடுப்பது?

அக்குறையைத் தீர்த்தவர் ஜோசப் என்னும் ஆப்பிரிக்கர். நோயாளியாக வந்து குணம் பெற்ற அவர், அங்கேயே பணியில் சேர்ந்தார். பிரெஞ்சு மொழியும் அப்பகுதி மொழிகள் பலவும் அவருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் சமையற்காரர். ஆகவே, உடல் உறுப்புகளுக்கு அவர் அறிந்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் இறைச்சித் துண்டுகளின் பெயர்களாகவே இருந்தன. நோயாளியின் காலில் வலி என்பதை, ஆட்டுத் தொடையில் வலி என்பதுபோல் மொழிபெயர்த்தார். கேட்பவர்க்குச் சிரிப்பு வரும். ஆயினும் வலி எங்கே என்பது மருத்துவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். ஜோசப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மருந்துப் புட்டியில் ஒட்டிய எழுத்துகளின் தோற்றத்தை நினைவில் வைத்து, கேட்ட மருந்தைத் தவறின்றி எடுத்துத் தருவார்.

நாள்தோறும் காலையில், காத்திருப்போர்முன் உதவியாளர் ஒருவர் நின்று மருத்துவமனை விதிகளைக் கலோவா, பகுவின் ஆகிய இரு மொழிகளிலும் உரக்க அறிவிப்பார். மருத்துவர் வீட்டருகே எச்சில் உமிழலாகாது, உரத்துப் பேசலாகாது, மருந்து கொண்டுசென்ற புட்டிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பன அவற்றுட் சில. காட்டின் ஈரக்காற்றில் மருந்து கெட்டுவிடும் ஆதலால், ஒரு வெற்றுப் புட்டியும் அங்கே அரிய பொருளாக இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் கழுத்திலும் எண் எழுதிய அட்டை வட்டம் ஒன்று நாரில் கோத்துத் தொங்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் அவருடைய நோயையும் மருந்தையும் கண்டறிவர்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சு மண்ணில் இருந்த ஜெர்மானியக் குடிமக்கள் என்பதால் சுவைட்சரும் எலேனும் தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டனர். காவல் தளர்ந்தபின் மீண்டும் நோயாளிகளைக் கவனித்தனர். போரினால் பணமும் குறைந்தது. ஜோசப்பின் ஊதியம் பாதியாக்கப்பட்டது. அது தம் மதிப்புக்குத் தகாது என்று அவர் விலகிச் சென்றார். தொண்டு செய்வோருக்கு மட்டுமன்று, உழைப்போருக்கும் தன்மானம் உண்டு அன்றோ? அவர் சென்ற பின்னரே, அவர் தாங்கியிருந்த சுமை எவ்வளவு என்பது தெரிந்தது. 1917-இல் அத்தம்பதியர் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

போர் முடிந்தது. அல்சாஸ் பிரான்சோடு இணைந்தது. சுவைட்சர் இப்போது பிரெஞ்சுக் குடிமகன். ஊர் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது! 1924-இல் அவர் லாம்பரேனேக்குத் திரும்பியபோது, கட்டடங்கள் சிதைந்து, காடு அவற்றை மூடியிருந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஜோசப்பும் திரும்பி வந்து சேர்ந்தார். 1952-ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு சுவைட்சருக்குக் கிடைத்தது. அத்தொகையைத் தொழுநோயாளர் குடியிருப்புக்கு அவர் செலவிட்டார். 1965-இல் அவர் மறைந்தபோது, அந்த ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சுவைட்சர் ஆப்பிரிக்க மக்களைத் தமக்கு நிகராக எண்ணாமல், இளையவர்களாகவே எண்ணி நடத்தினார் என்று பிற்காலத்தவர் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. உலகம் அவர் பெயரைப் போற்றிய அளவுக்கு ஜோசப்பின் பெயரை அறியவில்லை. ஆயினும் அந்த மருத்துவமனை இருவர் கைகளாலும் எழுந்தது. கடலையும் நாட்டெல்லையையும் கடந்து வந்தவர் ஒருவர். மொழியெல்லையை நாள்தோறும் கடக்கச் செய்தவர் மற்றொருவர்.

பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்ற தமிழர் வீடுகளில் இக்காட்சி புதிதன்று. ஊரிலிருந்து வந்த பாட்டி மருத்துவர் எதிரே அமர்ந்து, "நெஞ்சு கரிக்குது" என்கிறார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்கு இந்தி தெரியாது. இடையே நிற்பவள் பத்து வயதுப் பேத்தி. நெஞ்சு கரிப்பது வேறு; நெஞ்சு வலிப்பது வேறு. முன்னது பெரும்பாலும் செரிமானக் கோளாறு. பின்னது இதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டை அறிந்து அவள் சொல்லும் ஒரு சொல்லை நம்பியே மருத்துவர் தம் கையை நீட்டுகிறார். வீட்டு மொழியைப் பிழையறக் கற்பதும் ஒரு தொண்டே.

சிந்தித்து எழுதுக

1. சுவைட்சர் கடந்த எல்லைகள் யாவை? ஜோசப் கடந்த எல்லை யாது?
2. ஜோசப் பணியிலிருந்து விலகியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டாருக்காக நீர் மொழிபெயர்த்த நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.