தாத்தாவின் தூண்டில் பெட்டியும் ஒரு பிடி ஈயமும்

1/ உங்க வீட்டுப் பரணிலோ, ஊர்ல இருக்கிற பழைய மரப்பெட்டியிலோ தாத்தா காலத்துத் தூண்டில் சாமான் ஏதாவது கிடக்கா? கிடந்தா இந்த இழையை முழுசா படிங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா கட்டாயம் படிங்க. பாதி பெருமை, பாதி எச்சரிக்கை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ எங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். பழைய வீட்டுக்கு ஓடு மாத்தினப்போ பரணிலிருந்து ஒரு தகர பிஸ்கட் டின் இறங்குச்சு. தாத்தாவோடது. அவர் மீனவர் இல்ல, விவசாயி. ஆனா மேட்டூர் திறந்து வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்துட்டா, சாயங்காலம் ஆளை மதகடியிலதான் தேடணும்னு அப்பா சொல்வார்.

3/ டின்னைத் திறந்தா முதல்ல இருந்தது தக்கைகள். சிலது மயிலிறகுத் தண்டு. சிலது நெட்டி. 2020ல் புவிசார் குறியீடு வாங்கின தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு தெரியும்தானே? கோயில் கோபுரம், மாலைன்னு வெள்ளை வெளேர்னு செய்வாங்களே, அதே நெட்டிதான். ஏரி, குளத்தில் வளர்ற செடியோட தண்டு. எடையே இருக்காது, அதான் மிதக்குது. தாத்தா காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார். குளத்துல பிடுங்கி, வெயில்ல காயவெச்சு, சீவியிருப்பார்.

4/ அடுத்தது கயிறு. ஒரு பலகைத் துண்டுல சுத்தின பருத்தி நூல், காவி நிறம். பருத்தி தண்ணியில ஊறினா அழுகும். அதுக்காக மரப்பட்டையைக் கொதிக்கவெச்ச துவர்ச்சாயத்துல நனைச்சுக் காயவைப்பாங்க. ஒவ்வொரு தடவை மீன் பிடிச்சிட்டு வந்த பிறகும் பிரிச்சு உலர்த்தணும். அதுக்குப் பக்கத்துலயே ஒரு சுருள் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு. 1935ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்துல கரோதர்ஸ் உருவாக்கின பொருள். நூல் காலமும் நரம்பு காலமும் ஒரே டின்ல!

5/ பருத்தி நூல் இழுத்த உடனே பொடிஞ்சுது. நைலான் இன்னும் திடமா இருக்கு. அழுகாதது வசதிதான். ஆனா அறுந்து குளத்துல விழுந்தாலும் அது அழுகாது. கொக்கு, நாரை காலில் சுத்திக்கிற நரம்பு அதுதான்.

6/ அப்புறம் முள். எண்ணெய்க் காகிதத்துல பொட்டலம் பொட்டலமா. துருப்பிடிச்சிருந்தது. "துருப்பிடிச்ச முள் குத்துச்சு, டெட்டனஸ் வருமா சார்?"ன்னு கேஷுவால்டியில தினமும் கேட்கிற கேள்வி. துருவால டெட்டனஸ் வராது. மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கிற கிருமியால வரும். பளபளன்னு புது முள் குத்தினாலும் அதே ஆபத்துதான். தடுப்பூசி எப்போ போட்டீங்கன்னு மட்டும் யோசிங்க. ஞாபகம் இல்லன்னா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, இலவசம்.

7/ முள் விரல்ல ஏறிட்டா, வந்த வழியே வெடுக்குன்னு இழுக்காதீங்க. முனைக்குக் கீழே பின்பக்கமா சாஞ்ச ஒரு சின்ன முள் இருக்கும். மீன் நழுவாம இருக்க வெச்சது, உங்க சதையையும் விடாது, கிழிக்கும். நாங்க மரத்துப்போற ஊசி போட்டு, முனையை முன்பக்கமா வெளியே தள்ளி, அந்தச் சின்ன முள்ளை நறுக்கிட்டு, பிறகு பின்னோக்கி எடுப்போம். கண்ணுல பட்டிருந்தா தொடவே தொடாதீங்க. அழுத்தாம ஒரு காகிதக் கப்பால மூடிக்கிட்டு நேரா கண் டாக்டரைப் பாருங்க.

8/ இதுவரைக்கும் சந்தோஷமான சமாச்சாரம். டின்னோட அடியில ஒரு துணி மூட்டை இருந்தது. சின்னது ஆனா கனம். பிரிச்சா ஈயக்குண்டுகள், ஒரு பிடி அளவு. மேல திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் பொடி. என் மக, அஞ்சு வயசு, "கோலிகுண்டு!"ன்னு கையை நீட்டினா. நான் மூட்டையை எடுத்து மேல வெச்சுட்டேன். வீட்டுல ஒரு பெரிய விவாதம் தொடங்குச்சு.

9/ அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. "ஈயச்சொம்புல வருஷக்கணக்கா ரசம் வைக்கிறோம். இந்த ஈயம் மட்டும் விஷமா?" இங்கதான் தமிழ் நம்மள மாட்டிவிடுது. ரெண்டு உலோகத்தையும் பேச்சுவழக்குல 'ஈயம்'னே சொல்றோம். ரசச் சொம்பும், பாத்திரத்துக்குப் பூசுற ஈயமும் வெள்ளீயம். தூண்டில் குண்டு காரீயம். முதலாவது சமையலுக்கு ஆகும். ரெண்டாவது விஷம்.

10/ வித்தியாசம் தெரியணுமா? வெள்ளீயம் 232 டிகிரியில உருகும். ரசச் சொம்பை வெறுமனே அடுப்புல வெச்சா என்ன ஆகும்னு எல்லா மாமியாருக்கும் தெரியும். காரீயம் 327 டிகிரி. அதைவிட ரொம்ப கனம். நகத்தால கீறலாம், வெள்ளைத் தாள்ல தேய்ச்சா பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். ஆனா சொம்புல காரீயம் கலந்திருந்தா கண்ணால கண்டுபிடிக்க முடியாது. நம்பகமான கடையில வாங்குங்க.

11/ காரீயம் உடம்புக்குள்ள போனா கால்சியம் மாதிரி வேஷம் போடும். எலும்புல போய் உட்கார்ந்து வருஷக்கணக்கா இருக்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஈறுல நீலக்கோடு. பர்ட்டன் கோடுன்னு எம்.பி.பி.எஸ்ல படிச்சோம். ஆனா பெரும்பாலான குழந்தைங்ககிட்ட இது எதுவுமே தெரியாது. கவனம் சிதறும், படிப்பு தடுமாறும், எரிச்சல் வரும். 'துறுதுறு பிள்ளை'ன்னு விட்டுடுவோம்.

12/ ஒரே அளவு ஈயத்தை விழுங்கினா, பெரியவங்களை விட 4-5 மடங்கு அதிகமா சின்னக் குழந்தைங்க உடம்பு உறிஞ்சிக்கும். இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தைன்னா இன்னும் கூட. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு பாதுகாப்பான அளவே தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2020ல் வந்த யுனிசெஃப் அறிக்கைப்படி, உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு ரத்தத்துல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ காரீயம் இருக்கு. ஏறத்தாழ 80 கோடி குழந்தைங்க.

13/ 'ஒரு குண்டு என்ன பண்ணிடும்?' 2006ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 4 வயசுப் பையன் ஒருத்தன், ஷூவோட இலவசமா வந்த கைச்சங்கிலியின் பதக்கத்தை விழுங்கிட்டான். பதக்கம் கிட்டத்தட்ட முழுக்கக் காரீயம். வயிற்று அமிலத்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறி, மூளை வீங்கி, பையன் இறந்துட்டான். குழந்தை ஈயக்குண்டை விழுங்கினதா சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்கவைக்காதீங்க. எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும்.

14/ இனி கஷ்டமான பகுதி. அப்பா அந்த மூட்டையைப் பார்த்து முகம் மலர்ந்துட்டார். அந்தக் குண்டுகளை வார்த்ததே அவர்தான். பத்து வயசுல. அடுப்புல இரும்புக் கரண்டியை வெச்சு ஈயத்தை உருக்குவாராம். மேல மிதக்கிற கசடை ஊதி ஒதுக்குறது அப்பா வேலை. ஆத்துமணல்ல விரலால குழி போட்டு ஊத்துறது தாத்தா வேலை. ஆறினதும் நரம்புல கோத்து, பல்லால கடிச்சு இறுக்குவாங்க. தாத்தா அதிகம் பேசாத மனுஷன். அவரோட அப்பா தனியா இருந்த நேரம் அந்த அடுப்படிதான்.

15/ அறுபது தாண்டின ஒருத்தர்கிட்ட, உங்க வாழ்க்கையோட இனிப்பான ஞாபகத்துல விஷப்புகை இருந்ததுன்னு எப்படிச் சொல்றது? சொன்னேன். "உங்க தாத்தா 84 வயசு வரைக்கும் இருந்தார். நானும் நல்லாத்தான் இருக்கேன்"னார். பீடியில ஆரம்பிச்சு பூச்சிமருந்து வரைக்கும் எல்லாத்துக்கும் நான் கேட்கிற பதில் இது.

16/ இதுக்கு நேர்மையான மறுமொழி ஒண்ணுதான். இருந்தார், உண்மை. ஆனா காரீயம் எடுத்துக்கிட்டது என்னன்னு நமக்குத் தெரியவே வராது. அது இல்லாம வளர்ந்த இன்னொரு அப்பா பக்கத்துல நிக்கல, ஒப்பிட்டுப் பார்க்க. உயிரை எடுக்காத விஷம் எதையும் எடுக்கலைன்னு அர்த்தம் இல்ல. பேத்திக்கு மட்டும் அந்தக் கணக்கை முன்னாடியே போட முடியும். இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசல. எழுந்து வெளியே போயிட்டார்.

17/ திரும்பி வரும்போது கையில சைக்கிள் கடை நட்டு நாலு. "எங்க தாத்தா காலத்துல ஈயம் ஏது? ஓட்டாஞ்சில்லுதான் கட்டுவாங்க"ன்னார். இங்கிலாந்துல சின்ன ஈயக்குண்டு விற்பனையை 1987லேயே நிறுத்திட்டாங்க. காரணம் மனுஷன் இல்ல, அன்னப்பறவை. அடியில கிடந்த குண்டைப் பொடிக்கல்லுன்னு விழுங்கிச் செத்துச்சு. நம்ம குளத்து வாத்துக்கும் அதே வயிறுதான்.

18/ உங்க வீட்டுல இருந்தா செய்ய வேண்டியது:
• வெள்ளைப் பொடியை ஊதவோ, காஞ்ச துணியால தட்டவோ வேண்டாம். ஈரத்துணியால துடைச்சு, துணியையும் மூடித் தூக்கிப் போடுங்க.
• குண்டுகளை மூடி போட்ட டப்பாவுல அடைச்சு, 'காரீயம், விஷம்'னு எழுதி, எட்டாத உயரத்துல வைங்க. குளத்துல எறியாதீங்க.
• வீட்டுல உருக்கவே உருக்காதீங்க. பல்லால கடிக்காதீங்க.
• தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. சானிடைசர் ஈயத்தைப் போக்காது.
• வீட்டுல ஈயம் உருக்குற பழக்கமோ, பழைய பேட்டரி வேலையோ இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தப் பரிசோதனை இருக்கு.

19/ தக்கை, நூல் பலகை, முள் பொட்டலம் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. எழுதிவெச்சுக்கோங்க: யாரோடது, எந்தக் குளம், என்ன மீன். பெரியவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க. எங்க வீட்டுல நெட்டித் தக்கை பாப்பாவுக்கு, காரீயம் எனக்குன்னு பாகம் பிரிச்சாச்சு. உங்க பெட்டியில என்ன இருந்ததுன்னு கீழே சொல்லுங்க. ஈயமா, வெள்ளீயமான்னு சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.