கயிறு பிடித்தவர்

தூத்துக்குடிக்காரனிடம் பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னால் அவன் முதலில் சிரிப்பான். எங்கள் ஊருக்கும் அந்தக் குணத்துக்கும் ரொம்ப தூரம். கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற குரலை ஒரு தடவை கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் அதே ஊரில், அதே கடலில், பொறுமையையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர்.

அவர் முத்துக் குளித்தவர் அல்ல. முத்துக் குளித்தவருக்குக் கயிறு பிடித்தவர். கடலுக்குள் போகிறவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும்! தாத்தாவும் தம் தங்கை புருஷனுக்குத்தான் கயிறு பிடித்தார்.

1961-ஆம் வருஷத்து முத்துக்குளிப்புதான் எங்கள் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு. எனக்கு அப்போது பத்து வயது. தோணிகள் திரும்புகிற நேரத்தில் கரையில் போய் நிற்போம். அழுகப் போட்ட சிப்பியின் நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அந்த நாற்றத்துக்குள்தான் முத்து இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது; அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடத்தான் தோன்றியது.

குளியாளி கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வாரிப் போடுவார். அவருக்கு உள்ள அவகாசம் ஒரு நிமிஷம், அல்லது கொஞ்சம் கூட. அதற்குள் மேலே நிற்கிறவர் கண்ணால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. காதால் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கீழேயிருந்து கயிறு சுண்டப்பட வேண்டும். அதுவரை சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பது இருக்கிறதே, அதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறு இல்லை என்பது தாத்தாவின் தீர்மானமான அபிப்பிராயம்.

இதையெல்லாம் நான் அவரிடம் விவரமாகக் கேட்டது 1973-இல். அதற்குக் காரணம் இருந்தது.

நாலு வயதில் எனக்கு விஷக் காய்ச்சல் கண்டு, வைத்தியர் கைவிட்ட நிலையில், அம்மா பனிமய மாதா கோயிலுக்கு ஓடிப்போய், பிள்ளை பிழைத்தால் அவனைச் சாமியாராக்கி விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். நான் பிழைத்துவிட்டேன். பி.ஏ. முடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா நேர்ச்சையை நினைவூட்டினாள். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடுத்து ஒரு தங்கை இருந்தாள். அப்போது புதுத் துறைமுகத்தின் வேலைகள் மும்முரமாக நடந்த காலம். அங்கே ஒரு குமாஸ்தா வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். செமினாரியா, துறைமுகமா?

ஆண்டவரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்து, கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தேன். இன்னாருடைய குமாரன் இன்னார், அவனுடைய குமாரன் இன்னார் என்று ஒரு தலைமுறைப் பட்டியல் வந்தது. கல்யாணம் செய்துகொள் என்று அர்த்தமோ? மறுபடியும் திறந்தேன். நோவாவின் பேழைக்கு எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம் என்று கணக்கு வந்தது. துறைமுக வேலைதான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திண்ணையில் படுத்திருந்த தாத்தா இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏல, என்ன புஸ்தகத்தைப் போட்டு இந்தப் பாடு படுத்துதே?"

சொன்னேன்.

"கயிறு பிடிக்கவன் அவனா வெட்டி இழுக்கப்படாதுலே. கீழ இருக்கவனுக்குத் தெரியும் எப்போ இழுக்கணும்னு. நீ மேல நின்னுக்கிட்டுக் கயிறைச் சுண்டிச் சுண்டிப் பாத்தா, அவன் சுண்டுறது உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சுண்டவே இல்லையென்றால்?"

"நீரோட்டமும்தான் கயிறை இழுக்கும். ஆள் சுண்டுறது வேற, தண்ணி சுண்டுறது வேற. அது கைக்குப் பிடிபட எனக்கு மூணு குளிப்பு ஆச்சு. முதல் குளிப்பில தண்ணி சுண்டுனதுக்கே பதறிப்போயி மச்சானைத் தூக்கிட்டேன். வெறுங்கூடையோட மேல வந்து என்னைப் பேசுன பேச்சு!"

மறுநாள் பங்குச் சுவாமியாரிடம் போனேன். அவர் உடனே பதில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு வருஷம் கழித்து வா என்றார். சவேரியாருக்கு ஞானத் தந்தையாக இருந்த இஞ்ஞாசியார், மனம் இருண்டு குழம்பியிருக்கிற வேளையில் எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதே என்று எழுதி வைத்திருப்பதை எடுத்துச் சொன்னார். பிறகு, "உனக்கு சவேரியாரைத் தெரியும், அன்றீக் அடிகளைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அன்று எனக்குத் தெரியாது. பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன்.

சவேரியார் 1542-இல் எங்கள் கரைக்கு வந்தார். உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதைக் கடிதத்தில் எழுதினார். சில வருஷங்களில் மலாக்கா, ஜப்பான் என்று போய்விட்டார். அந்த வேகத்திலும் ஒரு மகத்துவம் உண்டு. நான் குறை சொல்ல வரவில்லை.

1547-இல் வந்த அன்றீக் அடிகள் போகவே இல்லை. போர்ச்சுகல்காரர், யூத வம்சத்தார் என்பதற்காக ஒரு துறவு சபையிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு சேசு சபையில் சேர்ந்தவர். கடவுளின் வார்த்தையைச் சொல்ல வந்த மனிதர் முதலில் மீன் விற்கிறவளின் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. தமிழைக் கற்றுக்கொண்டு, அதற்கு இலக்கணம் எழுதினார். நம்முடைய ழகரம் அவரை என்ன பாடு படுத்தியதோ! அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. வந்து முப்பத்தொரு வருஷம் கழித்துப் பதினாறே பக்கம்! ஐந்து மாதத்தில் ஒரு தொடர்கதையை முடித்துவிட்டு மார்தட்டுகிற என் போன்றவர்கள் அந்தக் கணக்கை யோசித்துப் பார்க்க வேண்டும். 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். எங்கள் பனிமய மாதா கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள். அம்மா நேர்ந்துகொண்ட அதே கோயில்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். துறைமுக வேலை வேறு யாருக்கோ போயிற்று; ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினேன். தினமும் பூசைக்குப் போனேன். எதையும் கேட்கவில்லை, உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மின்னலோ குரலோ எதுவும் வரவில்லை. ஒரு நாள் பிரசங்கத்தின் நடுவே ஒன்றைக் கவனித்தேன். சாமியாராகப் போவதை நான் நினைக்கும்போதெல்லாம் பிரசங்க மேடையில் நிற்கிற என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள், நான் பேசுகிறேன். பீடமும் இல்லை, நோயாளியின் படுக்கையும் இல்லை, என் குரல் மட்டும்தான் இருந்தது. அது தண்ணீர் சுண்டுகிற சுண்டு என்று அன்றைக்குப் புரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "மாதாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. தாத்தா அந்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

பதினொரு வருஷம் கழித்து என் முதல் நாவல் புத்தகமாக வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எழுதத்தான் போகாம இருந்தியாக்கும்?" என்றாள். கோபமா, சமாதானமா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. புத்தகத்தை ஜெபமாலை வைக்கிற தகரப் பெட்டியில் வைத்து மூடினாள்.

அவள் இறந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தேன். புத்தகம் பழசாகிப் பிரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை உட்கார்த்தி வைத்து, தினம் இரண்டு பக்கமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வாளாம். அந்தப் பெண்தான் சொன்னாள்.