பையனைத் திருப்பி அனுப்பலாமா?

பென்னாகரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பையனின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கூட வந்த அக்கா தர்மபுரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் மூத்தவர். புதிதாக வந்தவர்கள் அறிக்கையில் கையெழுத்துப் போடும்முன் இவரிடம்தான் காட்டுகிறார்கள்.

விஷயம் இதுதான். 13 வயதுப் பையன் ஒருவன் சேலம் ஜங்ஷனில் தனியாகத் திரிந்திருக்கிறான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்திவிட்டார்கள். இப்போது இல்லத்தில் இருக்கிறான். வீட்டுக்கு அனுப்பலாமா என்று விசாரித்து 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்றுதான் சட்டமும் சொல்கிறது.

"புடிச்சிட்டு வர்றதை யாரும் செஞ்சிடலாம் தம்பி. திருப்பி அனுப்பத்தான் தைரியம் வேணும்" என்றார்.

வீட்டில் பாட்டி மட்டும். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் கதை அதுதான். அக்கா படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "பேப்பரைப் பார்த்தா ரேஷன் கார்டை எடுத்துட்டு வந்து நிப்பாங்க." தண்ணீர் கேட்டார். பாட்டி சொம்பைக் கையால் தடவித்தான் எடுத்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"சோறு யாரு ஆயா வடிக்கிறது?"

"பையன்தான் கண்ணு. எனக்குப் புகை ஆவல."

மூலையில் கிடந்த கணக்கு நோட்டை அக்கா நிதானமாகப் புரட்டினார். தேதி போட்ட பக்கங்கள் ஒழுங்காக ஓடி, திடீரென்று நாலு நாள் காணாமல் போகும், மறுபடி ஓடும். பிறகு பள்ளியில் வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். விடுபட்டவை ரேஷன் போட்ட நாள், ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அடி உதை பற்றி நேராகக் கேட்கவில்லை. "ராத்திரி பையன் எங்க படுப்பான்?" என்று கேட்டார். "ஆயா பக்கத்துலதான்" என்று யோசிக்காமல் பதில் வந்தது.

கோப்பில் 'வீட்டைவிட்டு ஓடியவன்' என்றிருந்தது. அம்மாவைப் பார்க்கப் பெங்களூருக்குக் கிளம்பியவன் தர்மபுரியில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டான், அவ்வளவுதான்.

குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டே என்றேன். கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதாம். நாளுக்கு 200 ரூபாய்கூட இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற ஒருத்தி தொடர்ந்து வேலை கிடைத்தால் தாண்டிவிடும் வரம்பு இது. யார் வீட்டுச் செலவைப் பார்த்துப் போட்ட கணக்கோ!

மாமரத்தடியில் நின்று அக்கா பையனின் அம்மாவுக்குப் போன் போட்டார். குரல் உயரவே இல்லை. ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், முழுப் பரீட்சை முடியும்வரை நீ வந்து இரு, பையனை அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றார்.

"மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்குதுங்க மேடம். விடமாட்டாரு."

எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மேஸ்திரியின் நம்பரையும் வாங்கினார். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான்.