குப்பைத் தீவின் புது வாழ்வு

பிறந்த ஊரைப் பற்றி யாராவது இளக்காரமாக ஒரு வார்த்தை சொன்னால் நமக்குப் பொறுக்குமா? புக்ககத்தில் அதற்காகவே சண்டை போட்ட சகோதரிகள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்! அப்படியிருக்க, நாடு முழுவதும் ஒரு ஊரைக் "குப்பைத் தீவு" என்றே அழைத்தால் அந்த ஊர்ப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் இருக்கிறது தெஷிமா என்ற அந்தச் சின்னத் தீவு. பெயருக்கு அர்த்தமே "வளம் மிகுந்த தீவு" என்பதுதான். வற்றாத ஊற்று, மலைச் சரிவில் படிப்படியாக நெல் வயல், கரையெல்லாம் மீன். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது.

1970-களின் கடைசியில் ஒரு கம்பெனி அங்கே தொழிற்சாலைக் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தது. நொறுக்கிய மோட்டார் கார்களின் மிச்சம், கழிவு எண்ணெய், ரசாயனச் சேறு எல்லாம் வந்து குவிந்தன. அவற்றைத் திறந்த வெளியில் கொளுத்தவும் செய்தார்கள். 1990-ல் போலீஸார் சோதனை போட்ட பிறகுதான் அது நின்றது. ஆனால் மலையாகக் குவிந்ததை யார் அகற்றுவது? ஊர் ஜனங்கள் விடவில்லை. வயதானவர்களும் கடல் தாண்டிப் போய், மாகாண அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் மாதக்கணக்கில் நின்றார்கள். 2000-ல் கவர்னர் மன்னிப்புக் கேட்டார். நஷ்டஈட்டுப் பணம் வேண்டாம், மண் சுத்தமானால் போதும் என்று ஜனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவும் கெட்டுப்போன மண்ணும் கப்பலேறி அகல 2017 வரை ஆயிற்று!

குப்பை போயிற்று, சரி. ஆனால் பட்டணத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா? இல்லை. வயல்கள் தரிசாயின. வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அந்த நிலையில்தான் 2010-ல் தெஷிமா கலைக்கூடம் திறக்கப்பட்டது. பக்கத்துத் தீவான நவோஷிமாவில் 1992 முதல் கலைக்கூடங்கள் அமைத்து வந்தவர்களின் முயற்சி இது. சித்திரங்களையும் சிலைகளையும் வரிசையாக எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் திகைப்பாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை! தூண் ஒன்றுகூட இல்லாமல், பெரிய நீர்த்துளியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு வெள்ளைக் கூடம். கட்டியவர் ர்யூஏ நிஷிசாவா. கூரையில் இரண்டு பெரிய திறப்புகள் வழியே காற்றும் மழையும் தாராளமாக உள்ளே வருகின்றன. ரே நைட்டோ என்ற பெண் கலைஞர் தரையிலே நுண்ணிய துவாரங்கள் அமைத்திருக்கிறார். அவற்றிலிருந்து துளித் துளியாக ஜலம் கசிகிறது. தாமரை இலைத் தண்ணீர்போல அவை ஓடி, ஒன்றை ஒன்று தொட்டு, சின்னக் குளமாகின்றன. விஷம் கொட்டப்பட்ட தீவிலே சுத்தமான ஒரு துளி ஜலத்தைக் காட்டுவதைவிட வேறென்ன காட்ட வேண்டும், சொல்லுங்கள்?

கலைக்கூடத்தைச் சுற்றித் தரிசாய்க் கிடந்த படிக்கட்டு வயல்களையும் ஊராரோடு சேர்ந்து திருத்தி, மறுபடி நெல் நட்டார்கள். நான் கண்ட விசேஷங்களில் அது ஒன்று. இன்னொன்று, நமக்கு நன்றாகவே புரியக்கூடியது: சமையல்!

அதே 2010-ல், காலியாகக் கிடந்த ஒரு பழைய வீட்டைச் "ஷிமா கிச்சன்" என்ற போஜனசாலையாக மாற்றினார்கள். "ஷிமா" என்றால் தீவு. டோக்கியோ ஹோட்டல் ஒன்றின் சமையல் நிபுணர்கள் வந்து, தீவுப் பெண்களோடு சேர்ந்து பதார்த்தங்களைத் தீர்மானித்தார்கள். ஊர் மீன், ஊர்க் காய்கறி, ஊர்ப் பெண்களின் கைமணம். எங்கிருந்தோ வரும் விருந்தாளிகளுக்கு அவர்கள் நிமிர்ந்து நின்று பரிமாறுவதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு காலத்தில் அந்தத் தீவின் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் முகம் சுளித்தார்கள். இன்றோ அந்தத் தீவில் விளைந்ததை வரிசையில் காத்திருந்து சாப்பிடுகிறார்கள். கோர்ட்டும் அரசாங்கமும் தர முடியாத நியாயம் அல்லவா இது?

கலைக்கூடம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தீவில் இன்றும் ஆயிரம் பேர்கூட இல்லை; அவர்களிலும் முதியவர்களே அதிகம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் கடல் தீவுகளிலெல்லாம் நடக்கும் கலைவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து போகிறார்கள். வந்து போவது வேறு, வந்து வாழ்வது வேறு. ஆனாலும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. விழா நடக்கும் ஓகிஜிமா என்ற மற்றொரு தீவில், குழந்தைகள் இல்லாமல் மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் 2014-ல் மறுபடி திறந்தது. குழந்தை குட்டிகளோடு சில குடும்பங்கள் ஊர் திரும்ப ஆசைப்பட்டதுதான் காரணம்.

கலைக்கூடம் ஊரைக் காப்பாற்றியது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஊரைக் காப்பாற்றியவர்கள் வாசலில் நின்ற அந்த முதியவர்கள். அவர்கள் மீட்டுத் தந்த மண்ணுக்கு விருந்தாளிகளை அழைத்து வந்தது கலை. ஊர் ஜனங்களைக் காட்சிப் பொருளாக்காமல், விருந்து படைக்கும் வீட்டுக்காரர்களாக வைத்ததே அதன் பெருமை.

என்றாவது ஜப்பான் பிரயாணம் வாய்த்தால், டோக்கியோவோடு திரும்பிவிடாதீர்கள். தெஷிமாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், பசியோடு போங்கள். சாப்பிட்டு எழுந்ததும் "கொச்சிஸோ ஸமா" என்று சமைத்தவர்களுக்குச் சொல்ல மறந்துவிடாதீர்கள். உண்டவர்கள் நன்றி சொல்லும் வார்த்தை அது. அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கவே இன்னொரு கவளம் சாப்பிடலாம்!