காரணம் தெரியாத காய்ச்சலும் ஒரு டப்பா சிறுநீரும்

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பல் முளைக்கிறது என்போம். உரம் விழுந்திருக்கிறது, சீர் தட்டியிருக்கிறது, யார் கண்ணோ பட்டிருக்கிறது, தாய் மாம்பழம் சாப்பிட்டதில் பாலில் சூடு ஏறிவிட்டது என்போம். என் உத்தியோகக் காலம் முழுவதும் குழந்தைகள் வார்டில் செவிலியராகவே போயிற்று. அங்கே வந்த பாட்டிமார்களும் தாத்தாக்களும் சொல்லி நான் அநேகமாகக் கேட்டிராத காரணம் ஒன்று உண்டு: "ஒன்னுக்குப் போற வழியில கிருமி இருக்குமோ சிஸ்டர்?"

சளி இல்லை, இருமல் இல்லை, காதில் சீழ் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஆனாலும் உடம்பு கொதிக்கிறது. இப்படி வரும் இரண்டு வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 முதல் 7 பேருக்குக் காரணம் சிறுநீர்த் தொற்றுதான். பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கும், பிறகு பெண் குழந்தைகளுக்கும் இது அதிகம் வருகிறது. நமக்கு என்றால் கடுக்கிறது, எரிகிறது என்று சொல்லிவிடுவோம். மூன்று மாதப் பிள்ளை என்ன சொல்லும்? பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பும். குடித்ததைக் கக்கும். காரணமில்லாமல் சிணுங்கும், அல்லது துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கும். எடை ஏறாது. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை நாள்கணக்கில் இறங்காமல் நிற்பதும்கூட இதன் அடையாளமாக இருக்கலாம். சில நேரம் காய்ச்சலே இருக்காது.

கிருமி எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. பெரும்பாலும் அது ஈ. கோலை. குழந்தையின் சொந்தக் குடலில் இயல்பாகவே குடியிருப்பது. தியோடர் எஷெரிக் என்ற மருத்துவர் 1885இல் அதை முதன்முதலாக விவரித்ததே கைக்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்துதான். குடலில் இருக்கும்வரை அது தொல்லை செய்வதில்லை. சிறுநீர்ப் பாதையில் ஏறி, சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகம்வரை போய்விட்டால்தான் ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதைப் பெரியவர்கள் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழல்களுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கும். அவை உருவாகும் வேலை தாயின் வயிற்றில் 36ஆம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அதன்பின் ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை. தொற்று சிறுநீரகத்தில் தழும்பு போட்டுவிட்டால், அந்த இடத்து நெஃப்ரான்கள் போனது போனதுதான். தழும்பு பெரிதாக இருந்தாலோ இரண்டு பக்கமும் இருந்தாலோ, பல வருடங்கள் கழித்து அது இரத்தக் கொதிப்பாகவோ சிறுநீரகச் செயல் குறைவாகவோ தலைகாட்டலாம். பெண் பிள்ளையானால் அவள் கர்ப்பமாகும்போதும் சிக்கல் தரக்கூடும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகிவிடாது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். அந்த 'சீக்கிரம்' நம் வீடுகளில் பல் முளைக்கிறது என்ற பேச்சிலேயே கரைந்துபோகிறது.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினாலே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரவு என்றால் இரவே. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

சோதனையில் கண்டுபிடிப்பதைவிடச் சோதனைக்குச் சிறுநீர் பிடிப்பதுதான் பெரிய பாடு. பிறப்புறுப்பில் ஒட்டிவைக்கும் பிளாஸ்டிக் பை சுலபம்தான். ஆனால் தோலில் உள்ள கிருமியும் மலத்தில் உள்ளதும் அதில் கலந்துவிடும். அந்தப் பையில் பிடித்த சிறுநீரில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம். கிருமி இருக்கிறது என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. பால் கொடுத்தபின் சுத்தமாகக் கழுவித் துடைத்து, மடியில் பிடித்துக்கொண்டு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பாவில் நடுவில் வரும் நீரைப் பிடிப்பது நல்ல வழி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2017இல் ஒரு முறையைச் சோதித்தார்கள். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும். சும்மா காத்திருந்த குழந்தைகளைவிட இப்படித் தேய்த்த குழந்தைகளில் அதிகம் பேர் 5 நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தார்கள். செலவே இல்லாத வழி.

குழந்தை மிகவும் வாடியிருந்தால் மெல்லிய குழாய் விட்டு எடுப்பார்கள். அப்போது வார்டு வாசலில் பாட்டிமார்கள் அழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அழுகையின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் சரியாக எடுக்காத மாதிரியை வைத்து இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதையும், இருக்கிற நோயை விட்டுவிடுவதையும் பார்த்த எனக்கு, அந்த ஒரு நிமிட வலி சரி என்றுதான் படுகிறது. எடுத்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் டப்பாவிலேயே கிருமி பெருகிவிடும்.

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு நாளாகும். ஆன்டிபயாடிக் ஒரு வேளை கொடுத்துவிட்டுப் பிறகு சிறுநீர் எடுத்தால், உள்ளே கிருமி இருந்தாலும் சோதனையில் வளராமல் போகலாம். அதனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிரப்பை ஊற்றுவதற்கு முன்பே, "சிறுநீர் சோதிக்க வேண்டுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். ஆபத்தான நிலையில் உள்ள குழந்தைக்கு மாதிரியை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மருந்தைப் பொதுவாக 7 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிடக் கூடாது.

காய்ச்சல் விட்டபின் வரும் சோதனைகளுக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு கிளம்பும். "பிள்ளைதான் சிரிக்குதே, இனி எதுக்கு ஸ்கேன்?" காரணம் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் சிறுநீர்ப்பையின் சுவரில் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்த வாய் அழுந்தி மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு ஏறிய தண்ணீரைத் திரும்ப விடாததுபோல, பைக்கு வந்த சிறுநீரை அது மேலே போகவிடாது. தொற்றோடு காய்ச்சல் வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தத் தடுப்பு சரியாக அமையாமல், சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறது. இதை 1 முதல் 5 வரை நிலை பிரிக்கிறார்கள். கீழ்நிலைகளில் உள்ளது பிள்ளை வளர வளரப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

முதல் தொற்றுக்குப் பின் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. குழாய் வழியே சாயம் செலுத்தி எடுக்கும் எம்.சி.யு. எக்ஸ்ரே முன்பு எல்லாருக்கும் எடுத்தார்கள். இப்போது ஸ்கேனில் குறை தெரிந்தாலோ, தொற்று மறுபடி வந்தாலோதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் தேவைப்பட்டால், அதைத் தொற்று ஆறி 4 முதல் 6 மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். அதற்குள் வீடு அந்தக் காய்ச்சலை மறந்துவிடுகிறது. நாட்காட்டியில் குறித்துவைக்கும் வேலையைத் தாத்தாக்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

குளிப்பாட்டும் பாட்டிகளுக்கு ஒரு வேலை சொல்வேன். ஆண் குழந்தை சிறுநீர் கழிப்பதைக் கவனியுங்கள். பீய்ச்சி அடித்தால் நல்லது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தாலோ எந்நேரமும் கசிந்துகொண்டே இருந்தாலோ, சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே அடைப்பு இருக்கலாம். தாமதிக்கத் தாமதிக்கச் சிறுநீரகம் கெடும். எந்நேரமும் டயப்பர் கட்டிய குழந்தையிடம் இது கண்ணில் படாது. குளிக்கவைக்கும்போது முன்தோலை எண்ணெய் விட்டுப் பின்னுக்குத் தள்ளுவதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த வயதில் அது ஒட்டியிருப்பதுதான் இயல்பு. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லுக்கு இன்றும் எடை உண்டு. "இத்தனூண்டு பிள்ளைக்கு எதுக்கு இத்தனை டெஸ்ட்" என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால், மருமகள் வாய்மூடிவிடுவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். அதே பெரியவர், "போம்மா, எடுத்துட்டு வந்துடு, நான் கூட வரேன்" என்றால் அந்தச் சோதனை நடந்துவிடும். பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண்ணுக்கு இந்தத் துணை மருந்துக்குச் சமம்.

இன்னொன்றும் நம் ஊர் வழக்கத்தால் தவறிப்போகிறது. கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனிலேயே சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் நீர் தேங்கி வீங்கியிருப்பது தெரியும். பெரும்பாலும் அது தானே வடிந்துவிடும். ஆனாலும் பிறந்து மூன்று நாளுக்குப் பின், முதல் வாரத்துக்குள், ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்கேன் எடுத்தது புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில், தடுப்பூசி மறுபடி வேறு இடத்தில். ஸ்கேன் அறிக்கையின் அந்த ஒரு வரி எந்த மருத்துவர் கண்ணிலும் படாமல் கட்டைப்பைக்குள்ளேயே கிடந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இன்றைக்கே அந்தக் கர்ப்பகால ஸ்கேன் ஃபைலை எடுங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் வீங்கியிருந்ததாக எழுதியிருந்து, பிறந்தபின் ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டிருந்தாலும் சரி, இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.