பாறை ஊரில் கடல் வாசனை!

நாமக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? போய் வந்தவர்கள் முதலில் சொல்வது அந்தப் பாறையைப் பற்றித்தான். ஊருக்கு நடுவில் ஒரே கல்லாகச் சுமார் 200 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயில். எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர், வெயிலானாலும் மழையானாலும் கூரையில்லாமல் கைகூப்பி நிற்கிறார்.

சமுத்திரத்தைத் தாண்டியவருக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண 150 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இந்த ஊருக்கும் கடலுக்கும் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு!

ஊரைவிட்டு வெளியே வாருங்கள். சோளக் காடுகளுக்கு இடையில் நீள நீளமான கொட்டகைகள். உள்ளே அடுக்கடுக்காகக் கூண்டுகள். அவற்றில் வெள்ளைக் கோழிகள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கு முட்டை போவதும் இங்கிருந்துதான். கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குப் போவதும் இங்கிருந்துதான்.

ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். அதில் பாதிக்குப் பாதி மக்காச்சோளம். ஆனால் சோளம் மட்டும் தின்றால் கோழி முட்டையிடாது, புரதம் வேண்டும். புண்ணாக்கு வகைகளில் குறைவாக உள்ள சில சத்துக்கள் மீனில் தாராளமாக இருக்கின்றன. அதனால்தான் தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்க்கும் வழக்கம் வந்தது. தீவனம் அரைக்கும் இடத்தில் குப்பென்று கருவாட்டு வாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாறை ஊரில் வீசும் கடல் வாசனை அது!

இனி, இங்கிருந்து பெரு நாட்டுக்கு ஒரு தாவு தாவுவோம். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, தெற்கிலிருந்து வடக்காக ஹம்போல்ட் என்னும் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து ஒதுக்கித் தள்ளும். உடனே அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் உரச்சத்தைச் சுமந்துகொண்டு மேலே வரும். உரம் போட்ட வயலில் பயிர் செழிப்பதுபோல், அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி செழிக்கும். அதைத் தின்று நெத்திலி இனத்து மீன் கோடி கோடியாய்ப் பெருகும்.

1970-ல் அங்கே பிடிபட்ட நெத்திலி 120 லட்சம் டன்னுக்கு மேல்! அதில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போகவில்லை. மாவாக அரைபட்டு அயல்நாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாயிற்று.

1972-ல் வந்தது வினை. சில வருஷங்களுக்கு ஒருமுறை காற்று தளர்ந்து, வெதுவெதுப்பான நீர் அந்தக் கரையை மூடிக்கொள்ளும். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் பெரு நாட்டு மீனவர்கள் அதற்கு 'எல் நினோ', அதாவது குழந்தை ஏசு, என்று பெயரிட்டிருந்தார்கள். பெயர்தான் குழந்தை, வேலையோ பூதத்தின் வேலை. ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி வாரிய கடல் அது. 1973-ல் பிடிபட்டது 20 லட்சம் டன்கூட இல்லை.

மீன் மாவு இல்லையென்றதும் உலகம் சோயாப் புண்ணாக்கின்மேல் பாய்ந்தது. விலை எகிறியது. 1973 ஜூன் மாதம் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே சிறிது காலம் நிறுத்திவிட்டது. எங்கோ நீர் சூடானால் எங்கோ தீவன மூட்டை விலை ஏறுகிறது, பார்த்தீர்களா!

சோயாவின் விலை நம் கோழிப் பண்ணைகளையும் விட்டுவைக்கவில்லை. 2021-ல் அது தாறுமாறாக ஏறியபோது, 12 லட்சம் டன் புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. பெரிய பண்ணைக்காரர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர் என்ன செய்வார்?

நம் பக்கத்துக் கடலும் இதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையோரம் அடிநீர் மேலெழும். மத்தி மீன் கொழுக்கும். 2012-ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-லோ 4 ஆயிரம் டன்கூடத் தேறவில்லை! கடல் மாறுவது ஒரு பக்கம்; முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சு மீனை வாரி மாவாக்குவது இன்னொரு பக்கம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு விதி செய்தது இதனால்தான்.

சேலம், நாமக்கல் சீமையின் வாரச் சந்தைகளில் கருவாட்டுக் கடைக்கு என்றும் மவுசு உண்டு. கடல் காணாத கூலிக்காரக் குடும்பத்தின் களிக்கும் சோற்றுக்கும் அதுதான் துணை. அதே மீனுக்கு இன்று கோழியும் போட்டி. கடல் கொழித்தால் இருவருக்கும் உண்டு. குஞ்சையும் வாரித் தீர்த்துவிட்டால், ஏழைக்குக் கருவாடும் இல்லை, குழந்தைக்கு மலிவான முட்டையும் இல்லை.

அடுத்த முறை முட்டை விலை பத்துக் காசு ஏறினால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கடலில் என்ன சேதி என்று பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள்!